சங்கத்திற்கு வாயும் வேண்டும், காதும் வேண்டும்



"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. நமக்குக் கை இருக்கிறது, கால் இருக்கிறது, விடியாத இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடக்கும் உரமும் இருக்கிறது. வாய் இருக்கிறதா? இதுதான் இன்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

நம் கிளைக் கூட்டங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "சந்தா பிரிப்பது வேலை. முதலாளிமார் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிச் சம்பள ஒப்பந்தம் முடிப்பது வேலை. எழுதுவதும் அச்சடிப்பதும் ஒழிந்த நேரத்தில் செய்ய வேண்டியவை" என்று சில அன்பர்கள் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அந்த எண்ணத்தால் நமக்குப் பெரு நஷ்டம் விளைகிறது. செய்தியைத் தொழிலாளியிடம் கொண்டு சேர்ப்பதும் சங்க வேலையே. சம்பளப் பேச்சுக்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை அது. தனக்கு என்ன உரிமை உண்டு என்று அறியாதவனுக்காக நாம் எதைப் பேசி வாங்கினாலும் அது அவன் கைக்கு வந்து சேருவதில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டாம். ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் சிங்கப்பூரைப் பார்த்தால் போதும்.

1924-ல் ஓர் இளைஞர் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து இறங்கினார். கோ. சாரங்கபாணி என்பது அவர் பெயர். தமிழவேள் என்று பிற்காலத்தில் மக்கள் அழைத்தது இவரைத்தான். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்து ஊர் ஊராகப் பேசிய பின், சீர்திருத்த எண்ணம் இங்குள்ள தமிழரிடையே வேகமாகப் பரவிற்று. 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தின் ஏடாக 1935 ஜூலை 6-ந் தேதி 'தமிழ் முரசு' வார இதழாகப் பிறந்து, பின்னர் நாளிதழாக வளர்ந்தது. அதை வளர்த்தவர் சாரங்கபாணி.

அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழர் யார்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். நகராண்மைக் கழகத்தில் சாலை கூட்டியவர். சிராங்கூன் ரோட்டில் சிறு கடை வைத்தவர். எழுத்தறியாதவர் அவர்களில் ஏராளம். "எழுத்தறியாதவனுக்குப் பத்திரிகை எதற்கு?" என்று இன்று கேட்போர் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் படிப்பார், சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பார்கள். தேநீர்க் கடையிலும் லயத்து வாசலிலும் பத்திரிகை வாய் வழியாகவே பரவிற்று. ஆகையால் பத்திரிகை எத்தனை பிரதி விற்றது என்பதைவிட எத்தனை காதுகளுக்குப் போயிற்று என்பதே அக்காலத்தில் சரியான கணக்கு. நம் தோட்டங்களிலும் அப்படித்தான் இருந்தது என்பதை மூத்த தொழிலாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

முரசு செய்த காரியங்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

1950-களின் நடுவில் மலாயாப் பல்கலைக் கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வழக்கும் கூடவே வந்தது. முரசு தமிழுக்காக வாதாடிற்று. வாதத்தோடு நின்றிருந்தால் அது படித்தவர்களின் சச்சரவாகவே முடிந்திருக்கும். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டவும் அது முன்வந்தது. ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்று சாதாரண மக்களிடம் கேட்டது. கைவண்டிக்காரனும் கூலிக்காரனும் கொடுக்கக்கூடிய தொகை அது. கொடுத்தார்கள். 1956-ல் துறை அமைந்தது. தமிழ் அதில் இடம் பெற்றது. அந்தத் துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. இன்றைக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே தமிழ் படித்துப் பட்டம் பெறுகிறார்கள் என்றால், அந்த ஒரு வெள்ளிக்கு அதில் பங்கு உண்டு.

இரண்டாவது, குடியுரிமை. 1957-ல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்ற நினைப்பிலேயே காலம் தள்ளிய தமிழர் அநேகர். அவர்களிடம் முரசு, "இந்த மண்ணில் உழைத்தீர்கள், இந்த மண்ணின் குடிமக்களாகப் பதிந்துகொள்ளுங்கள்" என்ற கருத்தை இடைவிடாமல் வலியுறுத்திற்று. பதிந்துகொண்டவர் பிழைத்தார்.

இந்த இரண்டிலும் ஒரு பொதுத் தன்மை இருப்பதைக் காணலாம். செய்தி படித்து முடித்தவுடன் ஏழை ஒருவன் செய்வதற்கு ஒரு காரியம் இருந்தது. ஒரு வெள்ளி கொடு. ஒரு பாரத்தை நிரப்பு. அவ்வளவே. "சமுதாயமே, விழித்தெழு!" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், விழித்தவன் எழுந்து எங்கே போவான்? நம் ஏட்டிலும் மேடையிலும் முழக்கம் மிகுந்து, செய்ய வேண்டியது இன்னது என்பது குறைந்து வருகிறது. கசப்பானாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சொல்லும் வாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் சான்று உண்டு. 1968-ல் மலேசியாவில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும் என்றாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் திகைத்து நின்றனர். 1969-லும் அதைத் தொடர்ந்தும் பல்லாயிரம் பேர் கப்பலேறினர். வாழ்நாளெல்லாம் பால்மரம் வெட்டியவர்கள், பிள்ளை குட்டிகளை இங்கே பெற்றவர்கள், முன்பின் அறியாத ஊருக்குப் 'திரும்பி'ப் போனார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதது, பரீட்சைக்குப் பயந்தது, மனுவைத் தள்ளியது என்று காரணங்கள் பல உண்டு. ஆயினும் தகுதி இருந்தும் காலத்தில் மனுப் போடாமல் விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். "இன்ன தேதிக்குள், இன்ன ஆபீசில், இன்ன பத்திரத்தோடு போய் நில்" என்று வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆள் இருந்திருந்தால், அவர்களில் எத்தனை குடும்பம் இங்கேயே நிலைத்திருக்கும்!

பத்திரிகைக்காரன் தொழிலாளியின் பக்கம் வந்து நின்றால் அதிகாரம் எப்படி நடுங்கும் என்பதற்கு 1941-ன் கிள்ளான் வேலைநிறுத்தம் சாட்சி. 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்த ஆர்.எச். நாதன் கிள்ளான் தொழிலாளரோடு சேர்ந்து உழைத்தார். அவர்கள் கேட்டவை எவை? கூலி உயர்வு, பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுதல், பேசவும் கூடவும் சுதந்திரம், துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை. இதில் சம்பளம் மட்டுமா இருக்கிறது? மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. அதை எழுத்தில் வடித்து வரிசைப்படுத்தி நீட்டிய பிறகு, "கூலிக்காரன் கூச்சல்" என்று ஒதுக்க முடியவில்லை. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். எழுதுவது ஒழிந்த நேரத்து வேலை என்றால், அதற்கு இவ்வளவு பெரிய தண்டனை எதற்கு?

இதுவரை வாயைப் பற்றிச் சொன்னேன். இனிக் காதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

1963-ல் தமிழ் முரசிலேயே தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. பத்திரிகை ஏறக்குறைய ஓராண்டு வெளிவராமல் நின்றது. தொழிலாளருக்காக முழங்கிய முரசு, தன் கூரைக்குக் கீழே இருந்த தொழிலாளரோடு உடன்பாடு காண முடியாமல் மௌனமாயிற்று. சாரங்கபாணியின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. 1974-ல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த முரசு இன்றும் சிங்கப்பூரில் நாளிதழாக வந்துகொண்டிருக்கிறது. நம் நாட்டில் 1924-ல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-ல் நின்றுபோனதை நினைத்தால், முரசு நிலைத்ததன் அருமை தெரியும். ஆயினும் தொழிற்சங்கக்காரன் 1963-ஐ மறந்துவிடலாகாது. ஊருக்குச் செய்தி சொல்பவன் தன் பக்கத்தில் இருப்பவன் சொல்வதையும் கேட்கவேண்டும். சங்கமும் அப்படியே. மேலிருந்து கீழே சுற்றறிக்கை அனுப்புவது அரை வேலைதான். கீழிருந்து வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுவது மீதி வேலை.

கேட்காமல் விட்டால் வதந்தி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. தேக்காப் பக்கத்தில் ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி பஸ்ஸின் அடியில் சிக்கி உயிரிழந்தார். கூட்டம் கொதித்தது. வண்டிகள் கவிழ்ந்தன; எரிந்தன. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014-ல் அறிக்கை தந்தது. குடிபோதை ஒரு காரணம் என்று கண்டது. மற்றொரு காரணத்தையும் குறிப்பிட்டது: வந்த உதவியாளர்கள் பஸ்ஸின் அடியில் கிடந்தவரை விட்டுவிட்டு, பஸ்காரரைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டத்தினர் தவறாக எண்ணினார்கள். வன்முறையை நாம் ஒருபோதும் ஆதரிப்பதற்கில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்களில், அந்தக் கூட்டம் நம்பக்கூடிய ஒருவர், அந்தக் கூட்டத்தின் மொழியில், நடப்பது இன்னது என்று உரக்கச் சொல்லியிருந்தால் கொதிப்புத் தணிந்திராதா? அந்த இரவுக்குப் பின் 50-க்கு மேற்பட்டோர் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டனர். 2015-ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. சட்டம் பாட்டிலை அடக்கலாம். நம்பிக்கையை உண்டாக்க அதனால் ஆகாது.

2020-ல் கொரோனா வந்தபோது இந்தப் பாடம் மறுபடியும் வந்தது. சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களில் 100-க்கு 47 பேரை நோய் தொற்றியிருந்தது. ஓர் அறையில் பலர் படுக்கும் இடத்தில் நோய் பரவுவதற்கு மொழி காரணமல்ல; நெருக்கடியே காரணம். ஆனால் பயத்துக்கு மொழி காரணமாக இருந்தது. எனக்கு என்ன நோய்? என்னை எங்கே கொண்டுபோகிறார்கள்? சம்பளம் வருமா? வீட்டுக்கு எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விகளுக்குத் தமிழிலும் வங்காளியிலும் பதில் சொல்லும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது டாக்டர் தாம் வாய் ஜியா என்ற பெண் மருத்துவர், தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு, தொழிலாளரின் சொந்த மொழிகளில் ஒலிச் செய்திகளைத் தயாரித்துப் பரப்பினார். சுதேஷ்ணா ராய் சௌத்ரி என்ற இளம் பெண், நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளை வங்காள மொழியில் அமைத்துக் கொடுத்தார். ஊசி மருந்து ஒரு வேலை செய்தால், புரிகிற சொல் இன்னொரு வேலை செய்தது.

அதற்கு முன்பே அந்த நகரத்தில் இப்படி உழைத்தவர்கள் உண்டு. டி.டபிள்யூ.சி.2 என்று அழைக்கப்படும் தொண்டு அமைப்பு, 2008-லிருந்து தேக்காப் பகுதியில் வேலையில் அடிபட்ட தொழிலாளருக்கு இலவசச் சாப்பாடு போட்டு வந்தது. சோறு போட்டதோடு அவர்கள் கதையைக் காது கொடுத்துக் கேட்டது. கேட்டதை எழுதி வெளியிட்டது. ஏ.கே.எம். மொஹ்சின் என்ற வங்காளதேசத்துக்காரர், 'பங்களார் கண்டோ' என்ற வங்காளப் பத்திரிகையை நடத்தி, தொழிலாளர் உட்கார்ந்து பேசவும் கவிதை படிக்கவும் ரோவல் ரோட்டில் ஓர் இடமும் ஏற்படுத்தினார். அந்தப் பத்திரிகையின் பெயருக்கு வங்காளத்தின் குரல் என்று பொருள். பெயரே போதாதா!

இந்த நல்லவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்று. தொண்டர்கள் தொழிலாளிக்காகப் பேசுகிறார்கள். தொழிலாளி தானே பேசுவதற்குச் சங்கம் வேண்டும். நமக்குச் சங்கம் இருக்கிறது. நாம் பேசுகிறோமா?

"எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது, இனிப் பத்திரிகை எதற்கு, அறிவிப்பு எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். கைப்பேசி நல்ல சாதனந்தான். ஆனால் அது வெறும் குழாய். அதில் நல்ல தண்ணீரும் வரும், சாக்கடையும் வரும். "சிங்கப்பூரில் வேலை, கை நிறையச் சம்பளம், முன்பணம் கட்டு" என்று ஏஜண்டு அனுப்புவதும் அதே குழாயில்தான் வருகிறது. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அப்படி ஒரு குத்தகைக்காரரிடம் வேலைக்குப் போனான். கையெழுத்துப் போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்குத் தெரியாது. பேசிய சம்பளம் ஒன்று. வந்த சம்பளம் வேறு. சிங்கப்பூரில் 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருந்தது, அவனுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அங்கே மட்டுமா? இங்கேயும் அதே கதைதான். நம் நாட்டில் 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்று ஆணை வந்தது. அது ஒரு செய்தி. "வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவனுக்கு இது நாளுக்கு 65 வெள்ளி 38 காசு, உன் சீட்டில் பார், குறைந்தால் கிளைக் காரியதரிசியிடம் கொண்டு வா" என்று சொன்னால், அதுதான் சங்கச் செய்தி. முன்னது காதில் விழும். பின்னது கையில் விழும்.

என் வகுப்பாராகிய கிராணிமாருக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பேனா பிடித்தவன் கிராணி. ஊருக்குக் கடிதம் எழுதவேண்டுமானாலும், வந்த கடிதத்தைப் படிக்கவேண்டுமானாலும் அவனிடம்தான் வரவேண்டும். அதில் உதவியும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. துரையின் கட்டளையைப் பெரட்டில் படித்துக் காட்டியவனும் அவனே. நாம் மாத முடிவில் சம்பளச் சீட்டை நீட்டும்போது, ஒவ்வொரு பிடித்தமும் எதற்கு என்று கேட்பவருக்கு விளக்கிச் சொன்னால் நிர்வாகம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. பால்மரம் வெட்டுகிறவருக்கும் பேரேடு எழுதுகிறவருக்கும் நடுவில் இருக்கும் பழைய சுவரில் ஒரு கல்லாவது கழன்று விழும்.

ஆகவே கிளைகள் யோசித்து முடிவு செய்வதற்காகச் சில காரியங்களைக் கூறுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கிளையிலும் காரியதரிசி, பொருளாளர் இருப்பதுபோலச் செய்திப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். அவருக்குப் பயிற்சி வேண்டும். வேலை நேரம் இழந்தால் சங்கம் ஈடு செய்ய வேண்டும். பெண்கள் சரிபாதி மரம் வெட்டுகிறார்கள். ஆகையால் பொறுப்பாளரும் பெண்ணாக இருக்கலாமே! பொதுக்கூட்டத்துக்கு வராத செய்தி குழாயடியில் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாதா?

இரண்டாவது, சம்பள நாளன்று கால் மணி நேரம் சங்கச் செய்தியை உரக்கப் படிக்கவேண்டும். கைப்பேசியில் அனுப்புவதாயின் எழுத்தோடு குரலும் அனுப்பவேண்டும். படிக்கத் தெரியாதவர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள், வெட்கத்தால் சொல்வதில்லை.

மூன்றாவது, நம் பக்கத்து நிரையில் மரம் வெட்டும் வங்காளதேசத்தாருக்கும் இந்தோனேசியருக்கும் அவர்கள் மொழியில் அறிவிப்பு ஒட்டவேண்டும். 1930-களில் நாம் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறியாமையில் இருக்கும்வரை, அவர்கள் கூலியைக் காட்டி நம் கூலியையும் குறைப்பார்கள்.

நான்காவது, அங்கத்தினர் எழுதும் கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில். முடியாத காரியமானால் "முடியாது, காரணம் இது" என்றாவது பதில். பதில் வராத கடிதம் எழுதியவன் அடுத்த முறை சங்கத்துக்கு எழுதமாட்டான்; தேநீர்க் கடையில் பேசுவான்.

இவற்றுக்குப் பணம் வேண்டாமா என்று பொருளாளர்கள் கேட்பார்கள். வேண்டும். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று கேட்டுப் பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு இடம் வாங்கிய சமுதாயத்துக்கு, கிளைக்கு ஒரு செய்திப் பொறுப்பாளரை வைக்க வழியில்லையா? கணக்கைக் காட்டிக் கேட்டால் தொழிலாளி கொடுப்பான். எதற்கென்று சொல்லாமல் கேட்டால்தான் கையை இழுத்துக்கொள்வான். அதையும் அவனிடம் எடுத்துச் சொல்ல ஒரு வாய் வேண்டுமல்லவா!

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எதிர்த்துப் பேச விரும்புவோரும் வரட்டும். அவர்கள் சொல்வதையும் கேட்போம். பேசி முடித்து, பெயரும் தேதியும் போட்டு, ஆளை நியமித்துவிட்டுக் கலையுங்கள்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!